நாடு எப்படிக் கடனில் விழுந்தது? இலங்கையின் பொருளாதார நெருக்கடி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு, வகுப்பறையைவிட வெளியில்தான் எனக்கு அதிகக் கேள்விகள் வந்தன. சந்தையில், கோயில் வீதியில், செத்த வீட்டுக் கொட்டகையில், ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசியில் என்று எங்கும் ஒரே ஐயங்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, என்னால் இயன்ற அளவு எளிமையாகப் பதில் தந்திருக்கிறேன். பாடப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கடை வங்குரோத்தானால் பூட்டிவிடுவார்கள். நாடு வங்குரோத்தானால் எதைப் பூட்டுவது?

நாட்டைப் பூட்ட முடியாது. வாங்கிய கடனைச் சொன்ன திகதியில் கட்ட முடியவில்லை என்று ஓர் அரசு கைவிரிப்பதைத்தான் வங்குரோத்து என்கிறார்கள். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அறிவித்தது. ஆறு நாள் கழித்துக் கட்ட வேண்டியிருந்த 78 மில்லியன் டொலர் வட்டியைக் கட்டவில்லை. முப்பது நாள் சலுகைக் காலமும் மே 18ஆம் திகதி முடிந்தது. 1948இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு நமக்குக் கடனுக்குப் பொருள் தர ஆளில்லை. எரிவாயுக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும். காசு கைக்கு வந்தால்தான் இறக்குவார்கள். நிதியமைச்சராக இருந்த அலி சப்ரி, அந்த மே மாதத்தில் உடனே பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று சொன்னார். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அது ஒரு நாள் இறக்குமதிக்குக்கூடக் காணாது.

எங்கள் காசு ரூபாய். அதை நாங்களே அச்சடிக்கலாம். டொலர் இல்லையென்று ஏன் அழ வேண்டும்?

பெற்றோல், எரிவாயு, மருந்து, கோதுமை, பால்மா எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. விற்பவர் நம் ரூபாயை ஏற்க மாட்டார். ஏற்றுமதி, உல்லாசப் பயணிகள், வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் ஆகிய மூன்றும்தான் நமக்கு டொலர் ஊறும் கிணறுகள். அவை போதாதபோது கடன் வாங்கினோம். பல பத்தாண்டுகளாக, ஏற்றுமதி செய்ததைவிட அதிகமாகவே இறக்குமதி செய்து வந்தோம்.

ரூபாய் அச்சடித்தோம், நிறையவே அச்சடித்தோம். அரசின் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை 2020, 2021இல் மத்திய வங்கி புதுப் பணத்தால் நிரப்பியது. பொருள் அதே அளவு, பணம் மட்டும் அதிகம் என்றால் விலை ஏறத்தான் செய்யும். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவு ஏறத்தாழ 195 ரூபாய். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்காக இப்படிப் பணம் அச்சடிப்பதைத் தடைசெய்தது.

இருந்த டொலரெல்லாம் எங்கே போனது?

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர் கையிருப்பு இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அடுத்த ஆண்டு கொரோனா. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டில் ஹோட்டல்கள் வெறிச்சோடின. கிணறுகளில் ஒன்று வற்றிவிட்டது.

ஆனால் கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்தது. எல்லா நாடும் விழவில்லை. இங்கே வருமானம் குறைந்த நேரத்தில் அரசு வரியையும் வெட்டியது. கடனைக் கட்டும் ஆற்றலை வைத்து நாட்டுக்குத் தரப்படும் கடன் தகுதித் தரம் 2020இல் அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டு, புதுக் கடன் வாங்கும் கதவு அடைபட்டது. அப்போதே கடன்காரர்களுடன் பேசியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கையிருப்பைச் சுரண்டிச் சுரண்டிப் பழைய கடனைக் கட்டினார்கள். 2022 ஜனவரி 18ஆம் திகதிகூட 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் (கடன் பத்திரம் விற்று வாங்கிய கடன்) ஒன்றை முழுதாகக் கட்டினார்கள். அந்தக் காசில் எத்தனை எரிவாயுக் கப்பல் வந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் என் வயிறு எரிகிறது. இரண்டு மாதத்தில், எரிபொருள் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் விழுந்து இறந்தார்கள்.

வரியைக் குறைத்தது சனங்களுக்கு நல்லதுதானே? அதைப் போய்க் குற்றம் சொல்கிறீர்களே?

யாருடைய வரி குறைந்தது என்று பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி, அதாவது பொருளின் விலையோடு சேர்த்து வாங்கும் வரி, 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாய் வியாபாரம் செய்பவர் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்கு உயர்ந்தது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரியும் நீங்கியது. பெரிய கடைக்காரரும் பெரிய சம்பளக்காரரும்தான் உண்மையில் பயனடைந்தார்கள். சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அரசின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு அருகிலிருந்து, அடுத்த ஆண்டே 8 சதவீதமாக விழுந்தது. உலகிலேயே மிகக் குறைவாக வரி சேர்க்கும் நாடுகளின் வரிசையில் நின்றோம். 2021இல் அரசுக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபது ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளம், பசளை எல்லாம் மிச்ச முப்பதுக்குள் அடங்க வேண்டும்.

எல்லாம் சீனாக்காரன் வைத்த பொறிதானே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், தமிழ்நாட்டு நண்பர்கள் குறிப்பாக. வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சர்வதேசப் பிணைமுறிகள். பிணைமுறி என்பது உலகச் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கடன் பத்திரம். இலங்கை முதன்முதலில் 2007இல் 500 மில்லியன் டொலருக்கு அதை விற்றது. பெரும்பாலும் 6 முதல் 8 சதவீத வட்டி. முதல் தொகை முழுவதையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். யப்பான், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் பழைய கடன்கள் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் வந்தவை. நடுத்தர வருமான நாடாக நாம் உயர்ந்ததும் அந்த மலிவுக் கடன் சுருங்கியது. வளரும் நாடுகள் பல இடறும் படி இதுதான்: ஏழை நாடென்ற சலுகை போய்விடும், பணக்கார நாட்டின் வருமானம் வந்திருக்காது.

அதற்காகச் சீனக் கடனைச் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம், விமானங்கள் அரிதாகவே வரும் மத்தள விமான நிலையம் போன்றவை கடன் வாங்கிக் கட்டப்பட்டு, கடனைக் கட்டும் அளவுக்கு உழைக்காதவை. ஆனால் அவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் நம் ஆட்சியாளர்கள். 2017இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது கிடைத்த 1.12 பில்லியன் டொலரால் துறைமுகக் கடன் அழிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பணம் நாட்டின் கையிருப்பில் சேர்ந்தது; துறைமுகக் கடன் அப்படியே இருந்தது.

யுத்தம் தின்ற காசுதான் காரணமா? அது முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டதே?

யுத்தச் செலவு பழைய கடனில் ஒரு பகுதி. என்னை உறுத்துவது யுத்தத்துக்குப் பிந்திய காலம். 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. படையின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை. 2023 ஜனவரியில்தான், இரண்டு இலட்சம் பேர் வரையிலான இராணுவத்தை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பதாக அரசு அறிவித்தது. பதின்மூன்று ஆண்டுச் சம்பளமும் சாப்பாடும் சீருடையும் சிறிய தொகையல்ல. எங்கள் பக்கத்தில் படை வசமிருந்த வயல் காணிகள் விளைந்திருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தை எந்தக் கணக்கிலும் நான் காணவில்லை.

சேதனப் பசளை நல்ல விசயம். அதை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

இயற்கை விவசாயத்தை நானும் மதிக்கிறேன். திட்டு அதற்கல்ல. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். மண்ணைப் பழக்க ஆண்டுகள் வேண்டும். நாடு முழுவதற்கும் போதிய சேதனப் பசளையும் இல்லை. டொலரை மிச்சம் பிடிக்கும் நோக்கமும் அதற்குள் இருந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது ஆண்டின் முக்கிய நெற்பருவமான பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது, தேயிலையும் குறைந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த டொலரை அரிசி இறக்குமதிக்குக் கொடுத்தோம்.

சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் ஒன்றைத் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம் அதிகாரிகள் நிராகரித்தார்கள். அந்தப் பசளை ஒரு வயலுக்கும் போகவில்லை, 6.7 மில்லியன் டொலர் மட்டும் போனது.

நாங்கள் உண்டியலில் அனுப்பியதால்தான் நாடு விழுந்தது என்கிறார்களே, உண்மையா?

கட்டாரில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் இதை மிகவும் மனம் நொந்து கேட்டான். உண்டியல் என்பது வங்கியைத் தவிர்த்து, முகவர் வழியே வீட்டுக்குப் பணம் அனுப்பும் முறை. வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. டொலர் கிணறுகளில் இன்னொன்றும் இப்படித்தான் வற்றியது. ஆனால் காரணம் என்ன? ஒரு டொலருக்கு 200 ரூபாய்தான் என்று மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார். வெயிலில் கொங்கிறீற் சுமப்பவன், தன் அம்மாவுக்குக் கூடப் போகும் நாற்பது ரூபாயை விடுவானா? செயற்கையான விலையை வைத்தவர்கள்தான் அவனை உண்டியலுக்குத் துரத்தினார்கள்.

2022 மார்ச்சில் பிடியை விட்டதும் டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியது. பிறகு வங்கிக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைய, பணம் மீண்டும் வங்கி வழியே வரத் தொடங்கியது. 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்களே, இன்னும் ஏன் கஷ்டம் என்கிறார்கள்?

ஹற்றன் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டு அனுப்பியது. ஒரு சிறு கணக்கு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அன்றைய விலையில் அது ஐந்து டொலர். அடுத்த ஆண்டு நடுவில் அதே 1,000 ரூபாய் மூன்று டொலருக்கும் குறைவு. அவர்கள் பறித்த கொழுந்தோ வெளிநாட்டில் டொலருக்கு விற்றது. தேயிலை ஆண்டுக்கு 1.2 பில்லியன் டொலருக்கு மேல் கொண்டு வருகிறது. ரூபாய் விழுந்தபோது ஏற்றுமதியாளர் கையில் கூடுதல் ரூபாய் வந்தது. பறித்தவர் கையில் வரவில்லை.

2024 மே தினத்தன்று 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டில் அடிப்படை 1,350இல் வந்து நின்றது. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, கிடைத்தால்தான். கிலோக் கணக்கு நிறையாவிட்டால் அரைப் பேர். மழை பெய்து வேலை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நெருக்கடிக்கு முன்பே, 2019 அரச கணக்கெடுப்பில், நகரத்தில் 6 சதவீதமாக இருந்த வறுமை தோட்டத்தில் 33.8 சதவீதம். நாட்டுக்கு டொலர் கொண்டுவருபவர்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) மாவு ரொட்டியை அளந்து சாப்பிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

மீன்பிடிக்காரரை இது எப்படிப் பாதித்தது? கடல் எங்கும் போகவில்லையே?

கடலுக்குப் போகும் படகு மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. வலையில் விழும் மீன் எரிபொருள் செலவைத் தாங்காத நாட்கள் பல. குருநகரிலும் மன்னாரிலும் படகுகள் கரையேறிக் கிடந்தன. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்தே கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறங்கிய குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து கடந்த அதே கடலை, இம்முறை பசிக்குப் பயந்து கடந்தார்கள்.

இந்தியாவும் தமிழ்நாடும் தந்தது கடனா, தானமா?

இரண்டும். இந்திய அரசு 2022இல் தந்த ஏறத்தாழ 4 பில்லியன் டொலரில் பெரும்பகுதி கடனும் தவணை ஒத்திவைப்பும். திருப்பிக் கட்ட வேண்டியதுதான். ஆனால் வேறு எவரும் தராத நேரத்தில் வந்தது. தமிழ்நாட்டு அரசு அனுப்பியது நன்கொடை: 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள். முதல் கப்பல் மே 18ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டது. வடக்குக்கும் மலையகத்துக்கும் மட்டுமன்றிச் சிங்களக் கிராமங்களுக்கும் அந்த அரிசி போனது. மூட்டையில் தமிழ் எழுத்தைப் பார்த்துக் கண் கலங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஐ.எம்.எப். காப்பாற்றியதா, கழுத்தை நெரித்ததா?

முதலில் அளவைப் பாருங்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஒப்புக்கொண்டது நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், தவணை தவணையாக. கடனோ பல மடங்கு. அந்தப் பணத்தைவிட முக்கியம், நிதியம் கையெழுத்திட்டால்தான் மற்றக் கடன்காரர்கள் பேச வருவார்கள் என்பது. இது இலங்கை அதனிடம் போன பதினேழாவது தடவை. பதினாறு தடவை போய்வந்தும் பழக்கம் மாறவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நிபந்தனை, அரசு வட்டி தவிர்ந்த செலவைவிட அதிகமாக வருமானம் சேர்க்க வேண்டும் என்பது. அது நியாயம். எங்கிருந்து சேர்ப்பது என்பதில்தான் என் சண்டை. பெறுமதி சேர் வரி 8இலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. எரிபொருளும் எரிவாயுவும் அதற்குள் வந்தன. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், ஆறு மாதத்தில் மேலும் 66 சதவீதம். கூலிக்காரரும் கோடீஸ்வரரும் ஒரே வீதத்தில் கட்டும் வரிகள் உடனே வந்தன. சொத்து வரி மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

என் சேமலாப நிதியில் கை வைத்தார்களா, இல்லையா? ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார்.

இரண்டு பேரும் ஒரு பாதி சொல்கிறார்கள். வேலை செய்யும் காலத்தில் முதுமைக்கென்று சேரும் அந்த நிதியில், உங்கள் கணக்கில் இருந்த தொகை குறையவில்லை. ஆனால் 2023 ஜூலையில் நாடாளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் (கடனின் வட்டியையும் தவணையையும் மாற்றுவதில்), நிதியிடமிருந்த அரச முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். 2025 வரை 12 சதவீதம், அதன் பின் 9 சதவீத வட்டி. மறுத்தால் 14க்குப் பதில் 30 சதவீத வரி. அந்த நேரத்துச் சந்தை வட்டி அதைவிட மிக உயர்வு. அதாவது, கிடைக்க வேண்டியிருந்தது கிடைக்காமல் போகும்.

வங்கிகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றைத் தொட்டால் வைப்பாளர்கள் ஓடிவருவார்கள், வங்கி சரிந்துவிடும் என்றார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனாலும் ஆடைத் தொழிற்சாலையில் இருபது ஆண்டு தைத்த பெண்ணின் முதுமைக் காசைச் சுமக்க விட்டு, அதே முறிகளில் இலாபம் பார்த்த தனி முதலீட்டாளர்களை விட்டுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடையில் விலை குறையவில்லையே?

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் நின்றால் ஏறிய இடத்திலேயே விலை நிற்கும், இறங்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன 195 ரூபாய் உணவு இன்றும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது. சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறாதவர் வறுமைக்குள் விழுந்தார். உலக வங்கியின் கணிப்பில் 2023இல் நான்கில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. 2019இல் ஒன்பதில் ஒருவர்.

எங்கள் ஊரில் பெண்களை நுண்கடன் கம்பனிகள் விரட்டுகின்றன. அதுவும் இதுவும் ஒன்றா?

கடன் வேறு, அதன் கதை ஒன்றுதான். யுத்தம் முடிந்த கையோடு, வேறு வருமானமில்லாத வீடுகளுக்கு வாராந்தக் கடன் வந்தது. ஒரு கம்பனிக் கடனைக் கட்ட இன்னொரு கம்பனியிடம் வாங்கினார்கள். நாடும் பிணைமுறியைக் கட்டப் பிணைமுறி விற்றது. 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரையான நிலுவைகளை அரசு ஏற்று, வட்டிக்கு 35 சதவீத உச்ச எல்லை வைத்தது. நாட்டுக்குப் பேச்சுவார்த்தை மேசை உண்டு, சட்டத்தரணிகள் உண்டு. இந்தப் பெண்களுக்கு வாசலில் நிற்கும் வசூல்காரர் மட்டுமே. கையெழுத்திடும் முன் மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் யாராவது தண்டனை அனுபவித்தார்களா?

2022 ஜூலையில் மக்கள் திரண்டு, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார். 2023 நவம்பர் 14ஆம் திகதி, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், அவரும் அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில் ராஜபக்ஷக்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் உள்ளிட்டோரும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறி நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் சிறையில்லை, பெருந்தொகை இழப்பீடும் இல்லை. ஆனாலும் பொருளாதார முடிவுகளுக்கு ஆட்சியாளரை நீதிமன்றம் பொறுப்பாக்கியது அரிது. மாணவர்களுக்கு அந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டுகிறேன்.

மறுபடியும் வரிசை வருமா?

வராது என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் இந்தியா, யப்பான், பிரான்ஸ் முன்னின்ற நாடுகளுடனும் சீனாவின் எக்சிம் வங்கியுடனும், டிசம்பரில் பிணைமுறிக்காரர்களுடனும் மறுசீரமைப்பு முடிந்தது. முறிகளின் முதல் தொகையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. நாடு எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கட்ட வேண்டியதும் கூடும். பெரிய தவணைகள் 2028 முதல் வரத் தொடங்கும். அதற்குள் டொலர் உழைக்கும் புதிய வழி எத்தனை திறந்தோம் என்பதைப் பாருங்கள். கையிருப்பு 2024 முடிவில் 6 பில்லியனைத் தாண்டியது நல்ல செய்திதான். 2019இல் 7.6 இருந்தும் விழுந்தோம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சேர், பரீட்சை முடிந்ததும் நான் வெளியே போகவா, இங்கேயே இருக்கவா?

ஒவ்வோர் ஆண்டும் கடைசி வகுப்பில் வரும் கேள்வி. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்களின் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும். இருப்பவர்களுக்கு நான் தரக்கூடியது பாடமும் என் நேரமும்தான்.

போவதென்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். முகவர் கேட்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.